கோச்சி போன காடு



இலக்கியத் தொடரிலே புகையிரதத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். தமிழ் படிப்பிக்கும் ஒருவன் தண்டவாளத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது எனக்கே சற்று வினோதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மாங்குளத்தான். கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் அருகருகே வடக்கு நோக்கிச் செல்ல, கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே துணுக்காய், மல்லாவிப் பக்கமும் தெருப் பிரிகின்ற சந்தி எங்கள் ஊர். வடபகுதிப் புகையிரதத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதில் ஏறிப் போனவர்கள். அது கடந்து போன காட்டில் இருந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று எழுதியவர்கள் என் கண்ணில் அதிகம் படவில்லை. அதைத்தான் இன்று சொல்லப் பார்க்கிறேன்.

என் அம்மம்மாவுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. வீட்டில் மணிக்கூடும் இருக்கவில்லை. விடியப்புறம் வடக்கே போகிற மெயில் வண்டியின் சத்தம் காட்டுக்குள்ளால் கேட்டதும் எழும்புவார். "மெயில் போட்டுது, எழும்பு பிள்ளை" என்பது அம்மாவுக்கு அவர் இடுகின்ற முதற் கட்டளை. அடுப்பு மூட்டுவது, மாட்டை அவிழ்ப்பது, வயலுக்குப் போகிறவர்களுக்குச் சோறு கட்டுவது எல்லாம் அந்தச் சத்தத்தின் பின்னால் வரும். மெயில் பிந்தினால் எங்கள் வீட்டில் விடியலும் பிந்தும். அம்மம்மா அந்த வண்டியில் ஏறியது தம் ஆயுளில் இரண்டு தடவை. ஒன்று கதிர்காமத்துக்கு, மற்றது கொழும்பிலே கண் காட்டுவதற்கு.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய புதினமன்று. இங்கிலாந்திலே புகையிரதம் வருவதற்கு முன் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் வேளையையே நண்பகலாகக் கொண்டிருந்தது. 1840இல் கிரேற் வெஸ்டேர்ன் புகையிரதக் கம்பனி தன் நிலையங்களுக்கெல்லாம் இலண்டன் நேரத்தை விதித்தது. பின்னர் 1880இல் அதுவே நாட்டின் சட்டமாயிற்று. அங்கே சட்டத்தால் நடந்ததை இங்கே அம்மம்மாவின் காது செய்தது.

இலங்கையில் முதற் புகையிரதம் ஓடியது 1864 டிசம்பரில், கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸைக்கும் இடையில். 1867இல் அது கண்டியை எட்டிற்று. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் நோக்கம். மனிதர் பயணம் செய்தது உபரி. வடக்கே கோப்பி இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்தார் பல ஆண்டுகள் கேட்டுத்தான் தங்கள் பாதையைப் பெற்றார்கள். பொல்காவலையிலிருந்து குருணாகல் வரை 1894இல் பாதை வந்தது. வடக்கிலோ 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதல் வண்டி ஓடியது. அதே ஆண்டு செப்டெம்பரில் அது பளை வரை நீண்டது. தெற்கிலிருந்து வந்த பாதை 1904 நவம்பரில் அநுராதபுரத்தை அடைந்தது. நடுவிலே எஞ்சியது எது? எங்கள் வன்னிதான். குடாநாட்டுக்கு ஒரு வண்டி, தெற்குக்கு ஒரு வண்டி, இடையிலே காடும் குளமும் காய்ச்சலும். இந்த இடைவெளி நிரம்பி, கொழும்பிலிருந்து புறப்பட்ட முதல் வண்டி யாழ்ப்பாணம் சேர்ந்த நாள் 1905 ஓகஸ்ட் 1.

அந்த இடைவெளியைத் தாண்டிய ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகிலே பெயர் பெற்ற லெனாட் வூல்ஃப், 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிற்சி உத்தியோகத்தராக வந்தவர். வோல்ரயரின் நூற்றொகுதி தொண்ணூறு வால்யூம்களையும் அவர் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அநுராதபுரம் வரை புகையிரதத்தில் வந்தார். அதற்கு வடக்கே 'மெயில் கோச்' ஒன்று உண்டு என்றார்கள். வந்து நின்றதோ பெரிய மாட்டுவண்டி ஒன்று. தபால் மூடைகள் அடியிலே கிடக்க, பயணிகள் அந்த மூடைகளின் மேலே கிடந்து போனார்கள் என்று தம் சுயசரிதையில் எழுதுகிறார். எங்கள் காட்டு வீதியால் தொண்ணூறு வோல்ரயர்களின் சொந்தக்காரர் மாட்டுவண்டியில் ஆடி ஆடிப் போன காட்சியை நினைக்க எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். ஏழு மாதம் பொறுத்திருந்தால் வண்டியிலேயே போயிருக்கலாம்.

இங்கே தமிழ் ஆசிரியன் குறுக்கிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. புகையிரதத்தை எங்கள் முதியவர்கள் 'கோச்சி' என்றார்கள். 'கோச்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. தபால் சுமந்த மாட்டுவண்டியின் பெயரே பின்னர் வந்த இரும்பு வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது என்று எண்ணத் தோன்றுகிறது. சிங்களப் பேச்சு வழக்கிலும் அது 'கோச்சிய' தான். இனி எழுத்து வழக்கைப் பாருங்கள். நாம் புகை, இரதம் என்று சேர்த்துப் புகையிரதம் என்கிறோம். சிங்களவர் 'தும்ரிய' என்கின்றனர். தும் என்றால் புகை. ரிய என்றால் இரதம். வாய்ச்சொல்லிலும் ஏட்டுச் சொல்லிலும் இரண்டு மொழிகளும் ஒரே வண்டிக்கு ஒரே பெயரை வைத்திருக்கின்றன. தமிழகத்தார் ரயில் என்றும் புகைவண்டி என்றும் சொல்வார்கள். டீசல் இயந்திரம் வந்து பல பத்தாண்டுகளாகிவிட்டன. ஆனாலும் நிலையப் பலகைகளில் புகை இன்னும் போகவில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் என்ன செய்தது என்பது நன்கு தெரிந்த கதை. நிலம் சிறிது, படிப்புப் பெரிது. ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் கொழும்புக்குக் கந்தோர் உத்தியோகம் பார்க்கப் போனார்கள். மலாயாவின் புகையிரத நிலையங்களிலும் யாழ்ப்பாணத்தார் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்தார்கள். 1914இல் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்ட பின் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் புகையிரதம் பிடித்துச் சென்னை வரை போக முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழியும் வரை அந்த வழி இருந்தது. வெள்ளி இரவு மெயிலிலே ஊருக்கு வந்து, ஞாயிறு இரவு திரும்பிப் போகின்ற உத்தியோகத்தர் வாழ்க்கை ஒன்று உருவாயிற்று. கையிலே அரசாங்க வாறண்ட், பையிலே பனாட்டும் எள்ளுருண்டையும். மாதம் பிறந்தால் வீட்டுக்கு மணியோடர். மனைவி ஊரிலே, கணவன் கொழும்பு அறையிலே. நம் அகப்பொருள் இலக்கணத்தில் பிரிதலும் பிரிதல் நிமித்தமும் பாலைக்கு உரியவை. பொருள்வயிற் பிரிவு என்று நான் வகுப்பிலே விளக்கும்போது, பாலை நிலத்தைப் பற்றிச் சொல்வதை விட யாழ்ப்பாண நிலையத்தின் இரவு மேடையைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகளுக்கு விரைவில் விளங்குகிறது.

ஆனால் அந்த இரவு மெயில் மாங்குளத்தைக் கடக்கும்போது உள்ளே இருப்பவர்கள் உறக்கத்தில் இருப்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உறங்கத்தான் வேண்டும், காலையிலே வேலை இருக்கிறது. ஆயினும் நூறு மைல் காட்டை ஒரு தலைமுறையே கண்ணை மூடிக்கொண்டு கடந்தது என்பது நம் பண்பாட்டு வரலாற்றில் சிறிய செய்தியன்று. வன்னி என்றால் இடையில் வருகின்ற இருட்டு என்ற எண்ணம் அந்தச் சன்னலோரத்தில்தான் உருவாயிற்றோ என்று நான் சில வேளை ஐயுறுவதுண்டு.

எங்கள் நிலம் முல்லை. காடும் காடு சார்ந்த இடமும். மாவட்டத்தின் பெயரிலேயே முல்லை இருக்கிறது. அதற்குரிய ஒழுக்கம் இருத்தல். காத்திருத்தல் என்றும் சொல்லலாம். முல்லைப் பாட்டிலே ஒருத்தி மாலை வேளையில் காத்திருப்பாள், தலைவனின் தேர் வரும். தேர் என்பதும் இரதந்தானே. அகநானூற்றிலே ஒரு பாட்டு: காட்டிலே தேன் உண்ணும் வண்டினம் அஞ்சிவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் ஒரு தலைவன். எங்கள் புகையிரதத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது. அரை மைலுக்கு அப்பாலே கூவிக்கொண்டுதான் வரும். ஆனால் அந்தக் கூவல் எங்களுக்கு வேண்டியிருந்தது.

கண்டி வீதியால் போகின்ற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் நகரும். புகையிரதத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நேர அட்டவணைக்குப் பிள்ளையாரைத் தெரியாது. பயணிகள் இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். வழிபாட்டை நின்று செய்வதா, ஓடிக்கொண்டே செய்வதா என்ற வேறுபாடு வீதிக்கும் இருப்புப் பாதைக்கும் இடையே ஒரு சிறு தூரத்தில் இருந்தது.

1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கியது. பி. டி. ரம்பால புகையிரதத் திணைக்களத்தின் பொதுமுகாமையாளராக இருந்த காலம் அது. மலைநாட்டுக்கு உடரட்ட மெனிக்கே, தெற்குக்கு ருகுணு குமாரி, வடக்குக்கு யாழ்தேவி. சீமாட்டி, இளவரசி, தேவி என்று நாட்டின் மூன்று திசைகளுக்கும் மூன்று பெண் பெயர்கள். தேவி என்ற பட்டம் நமக்குக் கிடைத்த அதே ஆண்டில்தான் சிங்களம் மட்டும் என்ற சட்டமும் கிடைத்தது. ஏப்ரலிலே பெயர், ஜூலையிலே சட்டம்.

பிறகு பாதையே புண்ணாயிற்று. 1958 மே மாதம் பொலன்னறுவை நிலையத்தில், வவுனியாவிலே நடக்கவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குச் செல்கிறவர்கள் இருப்பார்கள் என்று எண்ணி வண்டியைத் தாக்கினார்கள். 1977இல் அநுராதபுர நிலையம். அந்த இரண்டு கலவரங்களுக்கும் பின்னர், 1983க்குப் பின்னரும், மலையகத்திலிருந்து குடும்பங்கள் வந்து வன்னியிலே காடு வெட்டிக் குடியேறின. அவர்களின் முன்னோர் ஒரு காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்தவர்கள். என் வகுப்பில் இன்று இருக்கும் பிள்ளைகளிற் பலர் அவர்களின் பேரப்பிள்ளைகள். 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அண்மையில் யாழ்தேவி குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. படையினரும் பொதுமக்களுமாகப் பலர் மாண்டனர். எல்லாரும் இறங்கிக் கும்பிடுகின்ற இடத்துக்குப் பக்கத்தில் அது நடந்தது.

1990 ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. எனக்கு அப்போது பத்து வயது. யுத்தம் தொடங்கிய செய்தியை எங்கள் வீட்டுக்கு வானொலி சொல்லவில்லை, பத்திரிகை சொல்லவில்லை. ஒருநாள் அம்மம்மா எழும்பவில்லை. வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் திடுக்கிட்டு எழுந்து, "மெயில் வரேல்லையே" என்றார். அடுத்த நாளும் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவர் விடிய முன்னரே எழும்பி, அடுப்படி வாசலில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் பின்பு இருபத்துமூன்று ஆண்டுகள் மாங்குளத்துக்கு வண்டி வரவில்லை.

அந்த ஆண்டு நவம்பரிலே மாங்குளம் முகாம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. 1999 நவம்பரில் புலிகள் மீண்டும் பிடித்தனர். 2008 நவம்பரில் மறுபடி இராணுவம். நான்கு தடவை கைமாறிய ஊரில் எத்தனை தடவை மூட்டை கட்டினோம் என்று எண்ண எனக்கு விருப்பமில்லை. அம்மம்மா 1997இல் மல்லாவியிலே இடம்பெயர்ந்திருந்த கொட்டிலில் காலமானார்.

வண்டி நின்ற பின்னர் தண்டவாளத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எங்கள் ஊர்ப் புகையிரத வரலாற்றின் பெரிய அத்தியாயம். முதலில் புல் முளைத்தது. பிறகு சனம் அந்தத் திடலால் நடந்தது, சைக்கிள் உருட்டிற்று. பிறகு சிலிப்பர் கட்டைகள் கழன்றன. தண்டவாளம் கழன்றது. இரு தரப்பாரின் காவலரண்களுக்கும் அவை போயின. குண்டுவீச்சுக்கு அஞ்சிய குடிசனத்தின் பதுங்குகுழிகளுக்கும் போயின. காட்டு மரத்தை வெட்டி மேலே போட்டால் ஒரு மாரியில் உக்கும், கறையான் தின்னும். சிலிப்பர் கட்டை அப்படியன்று. எண்ணெய் ஊறிய மரம். புகையிரதத்தின் பாரத்தைத் தாங்கியது மண்மூடையைத் தாங்காதா? எங்கள் பங்கருக்கு அப்பா நாலு கட்டைகள் தேடிக் கொண்டுவந்து போட்டார். விமானச் சத்தம் கேட்டு உள்ளே இறங்கினால் முதலில் முகத்தில் அடிப்பது அந்தக் கட்டைகளின் தார் மணந்தான். அரசாங்கப் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்த மணத்துக்குக் கீழே இருந்துதான். கொழும்புக்குக் கொண்டுபோகாத புகையிரதம் எங்களைக் குழிக்குள்ளே வைத்துக் காப்பாற்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட்டிய தண்டவாளத் துண்டொன்றைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டால் அதுவே பாடசாலை மணி. இதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் காணலாம். எங்களுடைய புத்தாக்கம் என்று உரிமை கொண்டாட முடியாது. ஆனால் மர நிழலில் நடந்த எங்கள் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தில் முதற்பாடத்துக்கும் அதுவே மணி, விமானம் வந்தால் ஓடுவதற்கும் அதுவே மணி. எத்தனை அடி எதற்கு என்று காது கற்றுக்கொண்டது. காந்தியடிகள் 1909இல் எழுதிய இந்து சுயராஜ்ய நூலிலே புகையிரதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கொள்ளைநோயையும் பஞ்சத்தையும் அது பரப்புகிறது என்றார். பிறகு வாழ்நாள் முழுதும் அதன் மூன்றாம் வகுப்பில்தான் நாட்டைச் சுற்றினார். அவர் கண்டித்த பொருளைத் துண்டு துண்டாக்கி அதிலே மணியடித்துப் படித்த பிள்ளைகளைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

போர் 2009இல் முடிந்தது. இந்தியக் கடனுதவியுடன் இந்திய நிறுவனமான இர்கோன் பாதையை மீள அமைத்தது. 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பர் 14இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை. 1905இல் நடந்தது போலவே இம்முறையும் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஆனால் முன்பு கடைசியாக நிரம்பிய வன்னி இப்போது யாழ்ப்பாணத்துக்கு முன்னரே வண்டியைப் பெற்றது. கிளிநொச்சிக்கு வண்டி வந்த காலத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாங்குளம் நிலையத்துக்குப் போனேன். அம்மா வண்டியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். "இது அந்தச் சத்தமில்லை" என்றார். உண்மைதான். பழைய தண்டவாளத்தின் மூட்டுகளில் சில்லு ஏறி இறங்கும்போது வரும் தடதடப்பு, பற்றவைத்த புதிய பாதையில் இல்லை. வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த வழுக்கலால் ஆபத்தும் உண்டு. காவலாளி இல்லாத கடவைகளில் வண்டி வருவது தெரியாமல் மனிதரும் மாடுகளும் இறந்த செய்திகளை இந்தப் பத்தாண்டுகளில் வடக்கிலே பல தடவை வாசித்துவிட்டோம். இருபத்துமூன்று ஆண்டுகள் வண்டியில்லாத ஊரின் காது அதைக் கேட்கும் பழக்கத்தை இழந்திருந்தது. சமிக்ஞை விளக்கும் படலையும் போட வேண்டியவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அந்த நாள்களில் ஒன்பதாம் வகுப்புக்குப் 'புகையிரதப் பயணம்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்ற தலைப்பு. நாற்பது பிள்ளைகளில் ஒருவர் தானும் புகையிரதத்தில் ஏறியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் எழுதினார்கள்; சன்னலோரத்தில் மரங்கள் பின்னால் ஓடின, மலைகளும் அருவிகளும் வந்தன. கட்டுரை வாசகத்திலிருந்து பிள்ளைகள் கற்ற புகையிரதம் அது. திருத்தும்போது தண்டவாளத்தின் உறுப்புகளை விளக்குவோம் என்று கரும்பலகையில் 'சிலிப்பர் கட்டை' என்று எழுதினேன். பின் வரிசையில் ஒரு பையன் எழும்பி, "சேர், அது பங்கர்க் கட்டையெல்லோ?" என்று கேட்டான். வகுப்பு சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது அப்படித்தான் தெரிந்திருந்தது. நான் அவனைத் திருத்தவில்லை. ஒரு சொல்லுக்கு வழக்கிலே புதுப் பொருள் ஏறிவிட்டால் அதைக் குறித்துக்கொள்வதுதான் எங்கள் தொழில்.

நாங்கள் 2010இல் ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. பங்கர் இடிந்து கிடந்தது. அதற்குள் இரண்டு கட்டைகள் மட்டும் பழுதில்லாமல் இருந்தன. கிளறி எடுத்து வைத்தோம். வண்டி திரும்ப ஓடத் தொடங்கியதும் அப்பாவுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அரசாங்கச் சாமான், பதிவு இருக்கும், ஒருநாள் தேடி வந்தால் என்ன செய்வது? ஒரு காலையில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போய், அங்கே கடமையில் இருந்த இளைஞரிடம், "தம்பி, உங்கட கட்டை இரண்டு எங்கட வளவில கிடக்குது. எப்ப கொண்டுவந்து தரவேணும்?" என்று கேட்டாராம். அவர் முதலில் விளங்காமல் விழித்துவிட்டு, பிறகு, "அதைக் கொண்டுவந்து நாங்கள் எங்க போடுறது, ஐயா? இப்ப எல்லாம் கொங்கிறீற். நீங்களே வைச்சிருங்கோ" என்றாராம். அப்பா திரும்பி வந்து, இரண்டையும் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் இறுக்கிப் பதித்தார். இன்றும் அம்மா அதன் மேலேதான் வாளியை வைக்கிறார்.